நேபாளம் போக ஆதார் அட்டை மட்டும் போதுமா?

வயதான அப்பா அம்மாவை நேபாளத்தில் இருக்கும் முக்திநாத் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போக ஆதார் மட்டும் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவர்கள் 65 வயதைத் தாண்டியிருந்தால் அவர்களுக்குப் போதும், உங்களுக்குப் போதாது.

இந்தியர்கள் நேபாளம் போக விசா தேவையில்லை. 1950-இல் போட்ட உடன்படிக்கையிலிருந்து வரும் உரிமை அது. ஆனால் கையில் பாஸ்போர்ட் அல்லது தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் அட்டை, இரண்டில் ஒன்று அசலாக இருக்க வேண்டும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் 15 வயது நிரம்பாதவர்களுக்கும் இதிலிருந்து விலக்கு உண்டு. படமும் வயதும் உள்ள ஆதார், பான், ஓட்டுநர் உரிமம் போன்ற ஏதாவது ஒன்று அவர்களுக்குப் போதும். 15 முதல் 18 வரை உள்ள பிள்ளைகளுக்குப் பள்ளித் தலைமையாசிரியரிடம் அதற்கான படிவத்தில் அடையாளச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு தெளிவாக இருக்கும் விதியை விமான நிலையத்தில் எங்களால் எளிதில் புரியவைக்க முடியவில்லை. என் அம்மா எழுபதைத் தாண்டியவர். அவருடைய வாக்காளர் அட்டை பழைய கறுப்பு வெள்ளை அட்டை, முகமே அழிந்துபோயிருந்தது. அதனால் ஆதாரை எடுத்து வந்தோம். டெல்லியில் கவுண்டரில் இருந்த பையன் அதை இரண்டு விரலால் தள்ளிவிட்டு, பாஸ்போர்ட் எங்கே என்று இந்தியில் கேட்டான். இல்லை என்றதும் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டான். அம்மாவுக்கு இந்தி தெரியாது, ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. "நான் இங்கேயே எங்கயாவது தங்கிக்கறேன்டி, நீங்க போயிட்டு வாங்க" என்றார். முக்திநாத்தைச் சாளக்கிராமம் என்று பாடிய திருமங்கையாழ்வாரின் பாசுரம் பத்தையும் மனப்பாடமாகச் சொல்கிறவர் அவர். அந்தத் திவ்யதேசத்துக்குக் கிளம்பி வந்த இடத்தில் இப்படிச் சொல்ல வைத்துவிட்டார்களே என்று எனக்கு இன்னும் ஆறவில்லை.

காத்மாண்டு இந்தியத் தூதரகத்தின் தளத்தில் உள்ள விதியை அச்செடுத்து, வயது வரியில் கோடு போட்டு வைத்திருந்தேன். மேலதிகாரியைக் கூப்பிடச் சொல்லி அதைக் கொடுத்தேன். அந்த அதிகாரி அம்மாள் வரி வரியாக விரல் வைத்துப் படித்தார், யாருக்கோ போன் செய்தார், அப்புறம் போர்டிங் பாஸ் வந்தது. மன்னிப்பு மட்டும் வரவில்லை. நீங்களும் அந்தத் தாளை எடுத்துப்போங்கள். போனில் காட்டினால் படிக்க மாட்டார்கள்.

உத்தரப் பிரதேசத்தில் உள்ள சுனௌலி எல்லை வழியாகத் தரையில் போனவர்கள், எங்களை யாருமே எதுவும் கேட்கவில்லையே என்பார்கள். உண்மைதான், அங்கே எல்லையில் இருக்கும் நுழைவு வளைவைத் தாண்டி நடந்தே போய்விடலாம். கேட்காமல் விடுவது அன்றைக்கு அங்கே நிற்கிறவர் மனதைப் பொறுத்தது. விமானத்தில் அது நடக்காது. குடும்பத்தில் பெரியவர் ஒருவரிடம் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ இருந்தால், மனைவி, மைனர் பிள்ளைகள், பெற்றோர் எல்லாரும் உறவைக் காட்டும் சான்றும் படமும் வைத்துப் போகலாம் என்றும் விதி உண்டு. அதுவும் அந்தத் தாளில் இருக்கிறது. ஆனாலும் நான் அதை நம்பிக் கிளம்பச் சொல்ல மாட்டேன்.

இதை விடப் பெரிய தலைவலி பெயர். நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. டிக்கெட் தளத்தில் இரண்டாவது பெயர் இல்லாமல் நகரவே விடாது. ஒருவர் அப்பா பெயரைப் போடுவார், ஒருவர் கணவர் பெயரைப் போடுவார், ஒருவர் தன் பெயரையே இரண்டு தடவை போடுவார். அப்புறம் அட்டையில் ஒரு பெயர், டிக்கெட்டில் இன்னொரு பெயர் என்று நிற்க வைப்பார்கள். கோடிக்கணக்கான பேர் இப்படித்தான் பெயர் வைத்திருக்கிறோம். அதற்கு ஒரு கட்டத்தைத் திருத்த இவர்களுக்கு மனசில்லை. வேறு வழி இல்லாததால் சொல்கிறேன்: எந்த அட்டையைக் காட்டப் போகிறீர்களோ, அதில் உள்ள எழுத்தைப் பார்த்தே டிக்கெட் போடுங்கள்.

பணத்துக்கு நூறு ரூபாய் நோட்டாகவே எடுத்துப்போங்கள். அங்கே அது 160 நேபாள ரூபாய், கடைகளிலும் வாங்கிக்கொள்வார்கள். முக்திநாத் 3,700 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அதற்குக் கீழே இருக்கும் ஜோம்சோம் ஊரில் ஒரு ராத்திரி தங்கவைத்து, மூச்சு பழகிய பிறகு பெரியவர்களை மேலே அழைத்துப்போங்கள்.