ஸ்டார்ட் ஆகாத பழைய வண்டி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் தகப்பனார் எண்பதுகளில் வாங்கிய புல்லட் 350 வண்டியை இன்றும் ஓட்டி வருகிறேன். 12 வோல்ட் பேட்டரியும் பாயிண்ட் செட்டும் (பிளக்கில் பொறி எழ, உரிய நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் சிறு சுவிட்ச்) உள்ள வண்டி. காலையில் இரண்டாவது மிதியிலேயே ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் திருநெல்வேலிக்குப் புறப்பட்டால், திசையன்விளை தாண்டி நாங்குநேரிக்குப் போவதற்குள் இன்ஜின் திணறி நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் நிழலில் நிறுத்தினால் மறுபடியும் ஓடுகிறது. பிளக்கையும், அதற்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலையும் மாற்றியாயிற்று. ஒயரிங் முழுவதையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?
– வாசகர், உவரி

பதில்: இப்போதைக்கு வேண்டாம். குளிர்ந்த நிலையில் ஒழுங்காக ஓடி, சூடேறியதும் நின்று, ஆறியதும் மீண்டும் ஓடுகிற வண்டியில் முதலில் சந்தேகிக்க வேண்டியவை கண்டன்சர் (பாயிண்ட் திறக்கும்போது அதன் முகங்களில் பொறி பறக்காமல் காக்கும் சிறு பொருள்), காயில், பெட்ரோல் டேங்கின் மூடி ஆகிய மூன்றும்தான். மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டால், பெட்ரோல் இறங்க இறங்க டேங்கினுள் வெற்றிடம் உண்டாகி, கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வருவது நின்றுவிடும். சிறிது நேரத்தில் காற்று மெல்லக் கசிந்து உள்ளே புகுந்ததும் வண்டி எதுவும் நடவாதது போல ஓடும். ஆகவே அடுத்த முறை நின்றவுடன், முதல் வேலையாக மூடியைத் திறந்து, காற்றை உள்ளிழுக்கும் ஓசை கேட்கிறதா என்று கவனியுங்கள். திறந்த சற்று நேரத்தில் வண்டி ஸ்டார்ட் ஆனால், மின்சாரப் பகுதியில் கை வைக்கவே தேவையில்லை.

ஓசை இல்லையென்றால், பேட்டரிக்குள் மின்சாரம் போவதையும் அதிலிருந்து வெளியேறுவதையும் முள்ளால் காட்டும் ஆம்பியர் மீட்டரைப் பாருங்கள். பழைய புல்லட்டில் இதைவிடச் சிறந்த சோதனைக் கருவி வேறில்லை என்பது என் உறுதியான கருத்து. பலர் அதை அழகுக்கு வைத்திருப்பதாகவே நினைக்கிறார்கள். விளக்குகளை அணைத்துவிட்டு, சாவியைப் போட்டு, டிகம்ப்ரஸரை (சிலிண்டரின் அழுத்தத்தை விடுவிக்கும் லிவர்) பிடித்தபடி கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்போது முள் மைனஸ் பக்கம் சாய வேண்டும். திறக்கும்போது நடுவுக்குத் திரும்ப வேண்டும். முள் அசையவே இல்லையென்றால், பாயிண்ட் முகங்களில் அழுக்கு ஏறியிருக்கிறது, அல்லது சாவி, ஒயர், காயில் ஆகியவற்றில் எங்கோ இணைப்பு விட்டிருக்கிறது. சாய்ந்த முள் திரும்பவே மறுத்தால், பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது கண்டன்சர் உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருக்கிறது, அல்லது பாயிண்டுக்குப் போகும் ஒயர் தோல் உரிந்து பாடியில் படுகிறது. நடுவழியில் கருவி எதுவும் இல்லாமலே இவ்வளவையும் அறிந்துகொள்ளலாம். சோதனை முடிந்ததும் சாவியை அணைக்க மறவாதீர்கள். பாயிண்ட் மூடிய நிலையில் சாவி போட்டபடியே விட்டால் காயில் கொதித்து, பேட்டரியும் தீர்ந்துவிடும்.

முள் ஒழுங்காக ஆடியும் இன்ஜின் ஓடாவிட்டால், பிளக்கைக் கழற்றி, அதன் இரும்புப் பகுதி சிலிண்டர் ஹெட்டில் நன்றாகப் படும்படி வைத்து மிதித்துப் பாருங்கள். பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி பீறிடும் என்பதால் பொறி அந்தத் துளைக்கு அருகில் இருக்கக் கூடாது. நீலமான, வலுவான பொறி வந்தால் மின்சாரம் சரி. மஞ்சளாகவோ, விட்டுவிட்டோ வந்தால் பாயிண்ட் மூடியைத் திறந்து வைத்து ஒருவரை மிதிக்கச் சொல்லுங்கள். பாயிண்ட் முகங்களுக்கிடையே பெரிதாகப் பொறி பறந்தால் குற்றவாளி கண்டன்சர். விலை குறைந்த பொருள் என்பதால் அதை முதலில் மாற்றுவதில் தவறில்லை. இன்ஜின் சூட்டிலிருந்து தள்ளி, காயிலுக்கு அருகில் அதைப் பொருத்துவது நீடித்து உழைக்கும் ஏற்பாடு. பாயிண்ட் இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வையுங்கள்.

காயிலை மாற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். அது 12 வோல்ட் காயில்தானா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். 6 வோல்ட் காயில் 12 வோல்ட் வண்டியில் வேலை செய்வது போலவே தோன்றும். ஆனால் அளவுக்கு மீறிச் சூடாகி, நீங்கள் சொல்கிற விதமாகவே பாதி வழியில் கைவிடும். வண்டி நின்றதும் காயில்மேல் ஈரத் துணியைச் சுற்றிப் பொறுத்துப் பாருங்கள். அதனால் பொறி விரைவில் திரும்பிவிட்டால் காயில்தான் காரணம்.

உவரியின் உப்புக்காற்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். கடலோர வண்டிகளில் ஒயர் கெடுவதைவிட, ஒயர் முனைகளில் பச்சைக் களிம்பு பிடிப்பதே மிகுதி; பேட்டரியை வண்டியின் பாடியோடு சேர்க்கும் எர்த் இணைப்பு அதற்கு முதலில் இரையாகிறது. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் மறு முனையை இன்ஜினின் வெறும் உலோகத்திலும் வைத்து, சாவி போட்டு, பாயிண்ட் மூடியிருக்கும்போது அளவெடுங்கள். ஏறத்தாழ 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. இணைப்புகளைக் கழற்றி, மென்மையான உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். ஒயரிங் முழுவதையும் மாற்றுவது பற்றி அதற்குப் பிறகு யோசித்தால் போதும்.

கேள்வி: யமஹா ஆர்எக்ஸ் 100 வைத்திருக்கிறேன். ஹாரன் முனகுகிறது, இண்டிகேட்டர் சிமிட்டாமல் நிற்கிறது, ஹெட்லைட் பல்பு அடிக்கடி போகிறது. பேட்டரி முழுவதும் தீர்ந்தால் வண்டியும் நின்றுவிடுமா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: நிற்காது. இந்த வண்டியில் பாயிண்டுக்குப் பதிலாகப் பொறியை எழுப்பும் மின்னணுப் பெட்டியான சிடிஐ, இன்ஜின் சுழலும்போது மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட்டிலிருந்து நேராக மின்சாரம் பெறுகிறது. ஹெட்லைட்டும் மேக்னெட்டில்தான் எரிகிறது. ஹாரனும் இண்டிகேட்டரும் பேட்டரியை நம்பியவை. பல்பு அடிக்கடி போவது, மின்னழுத்தம் கட்டுப்படாமல் ஏறுவதன் அடையாளம். அதைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை மாற்றுமுன், ரெகுலேட்டர் பாடியில் பொருந்தும் இடத்தில் பெயிண்ட்டும் துருவும் இருந்தால் சுரண்டி எடுங்கள். எர்த் கிடைக்காத ரெகுலேட்டர் நல்லதாக இருந்தாலும் வேலை செய்யாது.

பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, சில மணி நேரம் ஓய்வாக விட்டு அளந்தால் 12.6 வோல்ட் அளவுக்கு இருக்க வேண்டும். சார்ஜ் செய்தும் 10.5 வோல்ட்டிலேயே நிற்கிற பேட்டரியில் ஒரு செல் செத்திருக்கும். அதை மாற்றுவதே வழி. ஒன்று மட்டும் கவனம்: சிடிஐ வண்டியில் பிளக்கை எர்த்தில் படாமல் தொங்கவிட்டு மிதிக்காதீர்கள், சிடிஐ பழுதாக வாய்ப்புண்டு.

கேள்வி: 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணியில் வந்த வெள்ளத்தில் என் வண்டி மூழ்கியது. ஆயில் மாற்றி, கார்புரேட்டரைச் சுத்தம் செய்து ஓட்டுகிறேன். ஆனால் ஹேண்டிலை இடப்பக்கம் முழுதாகத் திருப்பினால் சில வேளைகளில் ஃபியூஸ் போய்விடுகிறது.
– வாசகர், வண்ணார்பேட்டை

பதில்: ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதியில் ஒயர்கள் மடங்கி நிமிர்ந்து தோல் உரிந்திருக்கும். வெள்ளத்தில் வந்த வண்டல் ஒயர் உறைக்குள் தங்கியிருந்தால் அரம் போல அறுக்கும். தடித்த கம்பியையோ சிகரெட் தாளையோ ஃபியூஸுக்குப் பதிலாக ஒருபோதும் வைக்காதீர்கள். அடுத்து எரிவது ஒயரிங்காக இருக்கும். ஃபியூஸைக் கழற்றி, அதன் இரு முனைகளுக்கும் இடையில் 12 வோல்ட், 21 வாட் பிரேக் லைட் பல்பு ஒன்றை இணையுங்கள். மின்சாதனங்கள் அனைத்தையும் அணைத்துவிட்டு ஹேண்டிலை மெல்லத் திருப்பி, கழுத்தருகே ஒயர்க்கட்டைக் கையால் அசையுங்கள். எந்த இடத்தில் பல்பு பளிச்சென்று எரிகிறதோ அங்கே உறையைப் பிரியுங்கள். உரிந்த ஒயரை மட்டும் வெட்டி, புதுத் துண்டு சேர்த்து ஈயம் வைத்து, உறையிட்டு, ஹேண்டில் இரு பக்கமும் முழுதாகத் திரும்பும் அளவுக்கு ஒயர்க்கட்டில் தளர்வு விட்டுக் கட்டுங்கள்.