எம்.இ.சி.பி.2 சோதனையில் மாற்றம் இல்லை என்றால் ரெட் இல்லையா?

எம்.இ.சி.பி.2 மரபணுவில் மாற்றம் இல்லை என்று உங்கள் குழந்தைக்கு வந்த அறிக்கை ஒன்றை வைத்து ரெட் நோய்க்குறி (கற்ற பேச்சும் கைத்திறனும் மறையும் மூளை வளர்ச்சிக் கோளாறு) இல்லை என்று தள்ளிவிட முடியாது. ஒன்றரை வயதில் குழந்தையின் பேச்சு நின்றது, பொம்மை பிடித்த கைகள் இப்போது ஓயாமல் பிசைந்துகொள்கின்றன என்கிறீர்கள். இந்த நோயை முடிவுசெய்வது முதலில் அத்தகைய அறிகுறிகள்தான், காகிதம் அப்புறம்.

மரபணுவின் எழுத்துவரிசையை மட்டும் படிக்கும் சோதனை, பெரிய துண்டே காணாமல் போயிருந்தால் தவறவிடலாம். அறிக்கையில் சோதனை முறை என்ற பகுதியைப் பாருங்கள். எம்.எல்.பி.ஏ. என்றோ, நீக்கம், இரட்டிப்பு ஆய்வு என்றோ (மரபணுத் துண்டு காணாமலோ இரட்டித்தோ இருக்கிறதா என்று பார்ப்பது) இல்லாவிட்டால் மருத்துவரிடம் கேளுங்கள். அதிலும் ஒன்றும் தெரியாவிட்டால் ரெட் போன்ற அறிகுறிகளைத் தரக்கூடிய சி.டி.கே.எல்.5, ஃபாக்ஸ்ஜி1 மரபணுக்களைச் சோதிப்பது மிச்சம்.

ஆனால் கற்ற திறன்கள் மறைவதற்கு வலிப்பும் வளர்சிதைமாற்றக் கோளாறும்கூடக் காரணமாகலாம். வலிப்பைக் கண்டறிய உதவும் மூளை மின்னலைப் பதிவை (இ.இ.ஜி.) மரபணு முடிவுக்காகத் தள்ளிப்போடாதீர்கள்.