கேள்வி – பதில்: மழைக்கு முன் கணினியைத் திறந்து பாருங்கள்

கோடை தொடங்கியதிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வீட்டுக் கணினியின் சூட்டையும் தூசையும் பற்றியவையாக இருப்பதால், இம்முறை இப்பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் வீடு யாங்கோன் நகர மையத்தில், பேருந்து ஓடும் சாலையைப் பார்த்த இரண்டாம் மாடியில் இருக்கிறது. நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்தும் மேசைக் கணினி, மதியம் மகள் பாடம் கேட்டுக்கொண்டிருக்கும்போது தானாக அணைந்துவிடுகிறது. காலையில் அப்படி நடப்பதில்லை. பழுது பார்க்க வந்தவர், எல்லாப் பாகங்களையும் இணைக்கும் முதன்மைப் பலகையான மதர்போர்டை மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?
– வாசகி, யாங்கோன்

பதில்: இப்போதைக்குச் சம்மதிக்காதீர்கள், அம்மா. காலையில் ஒழுங்காக ஓடுவது மதியத்தில் அணைகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் குறிப்பை வைத்துப் பார்த்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது சூட்டைத்தான். கணினியின் விசிறி குளிரை உண்டாக்குவதில்லை. அறையில் இருக்கும் காற்றை எடுத்து, கணக்குகளைச் செய்யும் மூளைச் சில்லான பிராசஸரின் மேலுள்ள அலுமினியத் தகடுகளுக்கிடையே செலுத்தி, அங்குள்ள வெப்பத்தை வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். ஆகவே ஏப்ரல் மாதத்து மதியத்தில் அறையின் வெப்பம் 36 பாகையாக இருந்தால், எத்தனை விசிறி வைத்தாலும் பிராசஸர் அதற்குக் கீழே இறங்காது. காலை வெப்பத்தோடு ஒப்பிட்டால் பத்துப் பாகை கூடுதலாகவே அது தன் வேலையைத் தொடங்குகிறது. இன்றைய பிராசஸர்கள் பலவும் 95 முதல் 100 பாகையை நெருங்கும்போது தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதன் பிறகும் சூடு ஏறினால், தம்மைக் காத்துக்கொள்வதற்காகக் கணினியை அணைத்துவிடும். உங்கள் வீட்டில் நடப்பது இந்தக் காப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இதைச் செலவின்றிச் சோதிக்கலாம். கணினி அணைந்த உடனே மீண்டும் இயக்கி, திரை வரும்போதே டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டி பயாஸ் எனப்படும் தொடக்க அமைப்புத் திரைக்குள் சென்று, பிராசஸரின் வெப்பநிலையைப் பாருங்கள். வேலை எதுவும் செய்யாத அந்த நிலையிலேயே 75, 80 என்று காட்டினால், வெப்பம் வெளியேறும் வழி அடைபட்டிருக்கிறது என்று கொள்ளலாம்.

அடுத்தது திறந்து பார்ப்பது. மின் வடத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, மிச்சமிருக்கும் மின்சாரம் வடிவதற்காக இயக்கும் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு பின்புறமுள்ள திருகுகளைக் கழற்றிப் பக்கத் தகட்டை எடுங்கள். உள்ளே கை வைக்கும் முன் கேபினெட்டின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டுக்கொண்டால், உடலில் தேங்கிய நிலைமின்சாரம் பாகங்களைத் தாக்காது. மேலே விசிறி சுத்தமாகத் தெரிகிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது. தூசு தங்குவது விசிறிக்குக் கீழே, தகடுகளின் இடுக்கில். லுங்கி தைக்கும் வீடு ஒன்றிலிருந்து என்னிடம் வந்த கணினியில் விசிறியைக் கழற்றியபோது, அதன் அடியில் சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு விரித்ததுபோல ஒரு படலம் இருந்தது. ஓரத்தைப் பிடித்து இழுத்தால் ஒரே துண்டாகக் கழன்று வந்தது. அதற்குள் சிவப்பும் பச்சையுமாக நூலிழைகள் பின்னிக் கிடந்தன. தகடுகளுக்கிடையே ஊசி நுழையும் இடம்கூட இல்லை. அந்தப் படலத்தை எடுத்த பிறகு, வேறெதையும் மாற்றாமலே அந்தக் கணினி கோடை முழுவதும் ஓடியது.

சுத்தம் செய்வதை மாடி முகப்பிலோ திறந்த வெளியிலோ வைத்துக்கொள்ளுங்கள். மென்மையான, உலர்ந்த வண்ணத் தூரிகையால் தூசைக் கிளறி, சிறிய புளோயரால் வெளிநோக்கி ஊதுங்கள். ஊதும்போது விசிறியின் இறக்கையை ஒரு விரலால் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். காற்றின் வேகத்தில் அது அளவுக்கு மீறிச் சுழன்றால் அச்சு தேய்ந்துவிடும். சமையலறையும் பூசை மாடமும் கணினியும் ஒரே நீள அறையில் இருக்கும் நம் வீடுகளில், தாளிக்கும் எண்ணெய்ப் புகையும் சாம்பிராணியும் கொசுவர்த்தியும் சேர்ந்து தூசைப் பிசுபிசுப்பாக்கிவிடுகின்றன. அத்தகைய தூசு ஊதினால் போகாது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தூரிகையில் சிறிது தொட்டுத் துடைத்து, முழுவதும் உலர்ந்த பின்பே மின்சாரம் கொடுக்க வேண்டும். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் பிரிக்காதீர்கள்; வடத்தைக் கழற்றிய பிறகும் அதனுள்ளே ஆபத்தான அளவு மின்சாரம் தேங்கியிருக்கும். அதன் காற்றுத் துளைகளின் வழியே வெளியிலிருந்து ஊதினால் போதும்.

தூசு நீங்கியும் சூடு குறையவில்லை என்றால், பிராசஸருக்கும் அலுமினியத்துக்கும் இடையில் வெப்பத்தைக் கடத்துவதற்காகப் பூசியுள்ள தெர்மல் பேஸ்ட் என்ற பசை காய்ந்து போயிருக்கலாம். பழையதைத் துடைத்துவிட்டு, நடுவில் ஒரு பச்சைப் பயறு அளவு புதிதாக வைப்பது எளிய வேலைதான். அதற்குப் பிறகும், வெப்பநிலை தாழ்ந்திருக்கும்போதே கணினி அணைந்தால், பவர் சப்ளையைச் சோதிக்கச் சொல்லுங்கள். மதர்போர்டின் முறை அதற்கும் பின்னால்தான் வர வேண்டும்.

கேள்வி: மண்டலேயில் புழுதி மிகுதி. கணினிக்குத் துணி உறை போட்டு வைத்திருக்கிறேன். நண்பர் ஒருவரோ பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு மேசை விசிறியை வைக்கச் சொல்கிறார். எது சரி?
– வாசகர், மண்டலே

பதில்: துணி உறை அணைத்து வைத்திருக்கும்போது நல்லது, ஓடும்போது அதுவே கணினியை வேகவைத்துவிடும். அணைத்ததும் உடனே மூடாமல், கால் மணி நேரம் ஆறவிட்டு மூடுங்கள். மேசை விசிறி யோசனையை நான் ஏற்கமாட்டேன், ஐயா. அது இன்று சூட்டைக் குறைப்பது உண்மைதான். ஆனால் மண்டலேயின் வறண்ட காற்றில் தெருப் புழுதி முழுவதையும் மதர்போர்டின் மேல் வாரிக் கொட்டும். கேபினெட் மூடியிருந்தால்தான் முன்புறம் நுழையும் காற்று உள்ளே ஓர் ஒழுங்கான பாதையில் சென்று பின்புறம் வெளியேறும். முன்புறத் துளைகளுக்கு மெல்லிய நைலான் வலையை ஒட்டி, வாரம் ஒருமுறை கழற்றி அலசிக் காயவைத்து மாட்டுங்கள். கொசுவலைத் துணியே போதும்; ஆனால் இரண்டு மடிப்பாகப் போட்டால் காற்றும் தடைபடும். கேபினெட்டைத் தரையில் வைத்திருந்தால் அரையடி உயரப் பலகையில் ஏற்றுங்கள். பின்புறத்துக்கும் சுவருக்கும் இடையே ஒரு சாண் இடைவெளியாவது இருக்கட்டும்.

கேள்வி: வீட்டைச் சுத்தம் செய்யும் வாக்குவம் கிளீனரைக் கணினிக்குள்ளும் பயன்படுத்தலாமா?
– வாசகர், பெகு

பதில்: வேண்டாம். தூசு உறிஞ்சப்படும்போது அதன் பிளாஸ்டிக் குழாயின் முனையில் நிலைமின்சாரம் உண்டாகும். அது ராம் எனும் தற்காலிக நினைவகம் போன்ற பாகங்களைக் கெடுக்கலாம். வெளிப்புறத் துளைகளுக்கும் மேசைக்கும் மட்டும் பயன்படுத்துங்கள்.

கேள்வி: மின்சாரம் திடீரென்று நின்றால் விசிறியும் நின்றுவிடுகிறது. அந்தச் சூட்டில் பிராசஸர் கருகிவிடாதா?
– அதே வாசகர்

பதில்: கருகாது. விசிறி நிற்கும் அதே கணத்தில் சூடு உண்டாவதும் நின்றுவிடுகிறது. கவலைப்பட வேண்டியது மின்சாரம் திரும்ப வரும் நேரத்தைப் பற்றி. மின்னழுத்தம் ஏறி இறங்கி வரக்கூடும் என்பதால், மின்சாரம் போனதும் வடத்தைக் கழற்றிவிட்டு, வந்து சில நிமிடம் கழித்துச் செருகுங்கள். மின்சாரம் நின்றதும் பேட்டரியிலிருந்து மின்சாரம் தரும் யு.பி.எஸ். இருந்தால் அதன் துளைகளிலும் தூசு சேரும், அதையும் ஊதிவிடுங்கள். ஜெனரேட்டர் புகை வரும் பக்கத்துச் சன்னலருகே கணினியை வைக்காதீர்கள். அந்தக் கரி மிக நுண்ணியது, வலையிலும் நிற்காது.

கேள்வி: மழைக்காலத்தில் தூசு அடங்கிவிடுகிறதே, கணினியை அப்போது சுத்தம் செய்தால் போதாதா?
– வாசகி, மோல்மீன்

பதில்: அதற்கு முன்பே செய்துவிட வேண்டும், அம்மா. உலர்ந்த தூசு வெறும் போர்வை. ஈரமேறிய தூசு மின்சாரத்தைக் கசியவிடும், உலோக முனைகளில் துருவையும் பிடிக்க வைக்கும். ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் உங்கள் ஊரில், கோடைத் தூசோடு கணினியை மழைக்குள் கொண்டுசெல்வது ஈரத்துணியால் அதைச் சுற்றி வைப்பதற்குச் சமம். மே மாத நடுவில் மழை இறங்குவதற்குள், அதாவது சித்திரைப் பிறப்பும் தண்ணீர்த் திருவிழாவும் ஒட்டி வரும் அந்த விடுமுறையில் ஒரு பகலை இதற்கு ஒதுக்குங்கள். தெருவில் வீசும் தண்ணீர் எட்டாத அறையாகப் பார்த்து வேலையை வைத்துக்கொள்ளுங்கள். மழை தொடங்கிய பின், பயன்படுத்தாவிட்டாலும் வாரத்தில் இரண்டு நாள் ஒரு மணி நேரம் கணினியை இயக்கி வையுங்கள். அப்போது உள்ளே உண்டாகும் மிதமான சூடே ஈரத்தைப் போக்கும். ஒதுங்க இடம் தேடும் பல்லியும் எறும்பும் பின்புறத் துளைகளின் வழியே புகாதபடி, கூடுதல் அட்டைகளுக்காக விடப்பட்டு, காலியாக இருக்கும் விரிவாக்கத் துளைகளைத் தகடு வைத்து மூடிவிடுங்கள்.