மேஜைக்கு அந்தப் பக்கம் யார்? – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தின் வாக்கெஷா பகுதியில் வசிக்கிறேன். என் மனைவி இங்கே அரசுப் பள்ளியில் ஆசிரியை. பக்கத்து வீட்டுக்காரர் ஹீட்டர், ஏசி பழுதுபார்க்கும் தொழில் நடத்துபவர். பரம்பரைக் குடியரசுக் கட்சிக்காரர். தங்கமான மனிதர், பனி கொட்டினால் எங்கள் வாசலையும் சேர்த்துத் தள்ளிவிட்டுத்தான் போவார். ஆனால் அரசு ஊழியர் சங்கங்கள் என்று பேச்சு வந்துவிட்டால் ஆளே மாறிவிடுவார். "தனியார் கம்பெனியில் சங்கம் முதலாளியோடு மோதுகிறது. அரசில் சங்கம் யாரோடு மோதுகிறது? தான் ஓட்டுப் போட்டு ஜெயிக்க வைத்த ஆளோடு. பில் எனக்கு வருகிறது. எனக்குப் பென்ஷன் கிடையாது, அவர்கள் பென்ஷனுக்கு நான் வரி கட்டுகிறேன். ஜனநாயகக் கட்சி அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டே இதை எதிர்த்தார், தெரியுமா?" என்கிறார். 2011-ல் இங்கே ஆளுநராக இருந்த ஸ்காட் வாக்கர், அரசு ஊழியர் சங்கங்களின் பேரம் பேசும் உரிமையைச் சுருக்கிக் கொண்டுவந்த சட்டம்தான் மாநிலத்தைக் காப்பாற்றியது என்பது அவர் வாதம். என் மனைவிக்கு அந்தச் சட்டத்தின் பெயரைக் கேட்டாலே கோபம் வரும். நடுவில் நான். அவர் சொல்வதில் நியாயம் உண்டா? சங்கத்தில் தொடர்ந்து சந்தா கட்டுவதில் பயன் உண்டா என்றும் மனைவி கேட்கிறாள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் பக்கத்து வீட்டுக்காரரை வெறும் கோபக்காரர் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர் கேட்கிற முதல் கேள்வி சரியான கேள்வி. ரூஸ்வெல்ட் விஷயமும் உண்மைதான். 1937 ஆகஸ்டில் மத்திய அரசு ஊழியர் சங்கத் தலைவர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், வழக்கமான பொருளில் கூட்டுப் பேரத்தை, அதாவது எல்லா ஊழியர்கள் சார்பிலும் சங்கம் முதலாளியோடு சம்பளம் பேசி முடிப்பதை, அரசுப் பணிக்குள் கொண்டுவர முடியாது என்று எழுதினார். அரசின் முதலாளி மொத்த மக்கள், அவர்கள் சார்பில் பேசுவது சட்டமன்றம் என்பது அவர் வாதம். வேலைநிறுத்தத்தை நினைத்தே பார்க்க முடியாது என்றார். ஆனால் அதே கடிதத்தில், நியாயமான சம்பளமும் வேலை நேரமும் கேட்டு அரசு ஊழியர்கள் அமைப்பாகச் சேர்வது இயல்பானது என்றும் சொல்லியிருக்கிறார். பழமைவாதிகள் முதல் பாதியை மட்டும் வாசிப்பார்கள். இடதுசாரிகள் அந்தக் கடிதத்தின் பக்கமே போக மாட்டார்கள்.

தனியார் ஊழியர்களுக்குச் சங்க உரிமை தந்த 1935-ஆம் ஆண்டு வாக்னர் சட்டம் அரசு ஊழியர்களைச் சேர்க்கவில்லை. அதனால் அவர்களுடைய உரிமை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டது. உங்கள் விஸ்கான்சின்தான் 1959-ல் முதன்முதலாக உள்ளாட்சி ஊழியர்களுக்குக் கூட்டுப் பேர உரிமையைச் சட்டமாக்கியது. அதே 1959-ல் வட கரோலினா அதைச் சட்டம் போட்டுத் தடுத்தது.

மேஜைக்கு இந்தப் பக்கம் சங்கம், அந்தப் பக்கம் சங்கத்தின் ஆதரவில் ஜெயித்தவர் என்றால் என்ன நடக்கும் என்பதற்கு, உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கையில் எடுக்க வேண்டிய உதாரணம் கலிஃபோர்னியா. 1999-ல் பங்குச் சந்தை உச்சத்தில் இருந்தது. மாநில ஓய்வூதிய நிதியை நடத்தும் வாரியத்தில் ஊழியர்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களும் உண்டு. பென்ஷனைத் தாராளமாக்கலாம், முதலீட்டு லாபமே செலவைப் பார்த்துக்கொள்ளும் என்று அந்த வாரியம் சொன்னது. சங்கங்களின் ஆதரவில் வந்த ஆளுநர் கிரே டேவிஸ் கையெழுத்துப் போட்டார். நெடுஞ்சாலைக் காவலர் ஒருவர் ஐம்பது வயதில் ஓய்வு பெற்றால், வேலை பார்த்த ஒவ்வொரு ஆண்டுக்கும் கடைசிச் சம்பளத்தில் மூன்று சதவீதம். முப்பது வருடம் என்றால் தொண்ணூறு சதவீதம், ஆயுள் முழுக்க. நகரங்களும் போட்டி போட்டுக்கொண்டு அதைப் பின்பற்றின. அடுத்து சந்தை விழுந்தது. 2008-ல் வயேஹோ நகரம் திவாலானது. அதன் பொது நிதியில் பெரும்பகுதி போலீஸ், தீயணைப்பு ஊழியர் ஒப்பந்தங்களுக்கே போய்க்கொண்டிருந்தது. இதில் சங்கங்களுக்குப் பங்கு இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, அப்படியானால் பட்ஜெட் ஓட்டைக்குச் சங்கம்தான் காரணமா? நான் அவரோடு பிரியும் இடம் இது.

நியூயார்க்கைப் பாருங்கள். நாட்டிலேயே அரசு ஊழியர் சங்கங்கள் மிக வலுவாக இருக்கும் மாநிலம். ஆனாலும் அதன் மாநில ஓய்வூதிய நிதி நல்ல நிலையில் இருக்கிறது. தென் கரோலினாவில் அரசு ஊழியருக்குக் கூட்டுப் பேரமே கிடையாது. அதன் நிதியிலோ பெரிய பள்ளம். வித்தியாசம் எங்கே? நியூயார்க்கில் ஆண்டுதோறும் எவ்வளவு கட்ட வேண்டும் என்று கணக்குப் பார்த்து பில் அனுப்புவார்கள், அதைக் கட்டியே ஆக வேண்டும். பணம் முடையாக இருக்கிறது, இந்த வருடம் வேண்டாம் என்று சட்டமன்றம் சொல்லிவிட முடியாது.

சொல்ல முடிந்த மாநிலத்தில் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் தெற்கு எல்லைக்கு அந்தப்பக்கம் இல்லினாய் இருக்கிறது. அமெரிக்க மாநிலங்களில் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் வரவும் செலவும் சமமாக இருக்க வேண்டும் என்ற விதி உண்டு. வாஷிங்டனில் இருக்கும் மத்திய அரசு மாதிரி வருடா வருடம் பற்றாக்குறையில் ஓட்ட முடியாது. ஆனால் ஓய்வூதிய நிதிக்குப் போக வேண்டிய பணத்தை இந்த ஆண்டு போடாமல் விட்டால், அது பட்ஜெட் கணக்கில் கடனாகத் தெரியாது, மிச்சமாகத்தான் தெரியும். பள்ளிக்கூடத்தை மூடினால் பெற்றோர் தெருவுக்கு வருவார்கள். இதற்கு யார் வருவார்கள்? 1994-ல் அங்கே ஒரு திட்டம் போட்டார்கள். 2045-க்குள், கொடுக்க வேண்டிய பென்ஷனில் தொண்ணூறு சதவீதத்துக்காவது நிதியில் பணம் இருக்கும்படி செய்வது. முதல் வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகவும் பிற்பாடு மொத்தமாகவும் கட்டுவது. அந்தத் தவணை வட்டிக்கே போதவில்லை. அதாவது சட்டப்படி ஒழுங்காகக் கட்டிக்கொண்டே வந்தாலும் கடன் வளர்ந்தது! அந்தத் திட்டத்தில் கையெழுத்திட்ட ஜிம் எட்கர் குடியரசுக் கட்சி ஆளுநர். அந்த அற்பத் தவணையையும் 2005-ல் ஒரு சட்டம் போட்டு இரண்டு ஆண்டுகளுக்குக் குறைத்தவர் ஜனநாயகக் கட்சியின் பிளாகோயெவிச். இத்தனைக்கும் ஊழியர்களின் பங்கு ஒவ்வொரு சம்பளத்திலும் தவறாமல் பிடிக்கப்பட்டுவந்தது. தன் பங்கைப் போடாமல் விட்டது அரசுதான். பிறகு 2013-ல் பென்ஷனைக் குறைக்கச் சட்டம் கொண்டுவந்தபோது, 1970 அரசியல் சாசனத்தில் பென்ஷனைக் குறைக்கக் கூடாது என்று தெளிவாக இருக்கிறதே என்று சொல்லி, 2015-ல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

செலவை ஒத்திப்போட்டுப் பேரப்பிள்ளைகள் தலையில் கட்டுவது பழமைவாதிக்கு ஆகவே ஆகாத காரியம். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கோபப்பட வேண்டிய இடம் அதுதான். சங்கத்தைத் திட்டுவது அதைவிட எளிது, அவ்வளவுதான்.

வாக்கர் சட்டத்துக்கு வருவோம். விஸ்கான்சின் ஓய்வூதிய நிதி அந்தச் சட்டத்துக்கு முன்பே ஏறக்குறைய முழுமையாக நிரம்பியிருந்தது. சந்தை விழுந்தால் ஓய்வு பெற்றவர்களின் பென்ஷனில் ஏற்கெனவே ஏறிய உயர்வையே திரும்ப எடுத்துக்கொள்ளும் ஏற்பாடும் அதில் உண்டு. 2008 சரிவுக்குப் பிறகு அப்படி எடுத்தும் இருக்கிறார்கள். பட்ஜெட் நெருக்கடி நிஜம், அடுத்த ஈராண்டு பட்ஜெட்டில் சுமார் 360 கோடி டாலர் பள்ளம் இருந்தது. ஊழியர்கள் தங்கள் பென்ஷன் பங்கைத் தாங்களே கட்ட வேண்டும் என்று வாக்கர் கேட்டது, என் கணிப்பில், நியாயம்தான். அதுவரை அதையும் பெரும்பாலும் அரசே கட்டிவந்தது. சம்பளத்தில் சுமார் 5.8 சதவீதம். ஐம்பதாயிரம் டாலர் வாங்கும் ஆசிரியைக்கு ஆண்டுக்கு 2,900 டாலர் குறையும், மருத்துவக் காப்பீட்டுப் பங்கு தனி. வலிக்கும்தான். ஆனால் பெரிய சங்கங்களின் தலைவர்கள் 2011 பிப்ரவரியிலேயே, பணத்தைத் தருகிறோம், பேர உரிமையை மட்டும் விட்டுவையுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வாக்கர் ஒத்துக்கொள்ளவில்லை.

ஆக மீதிச் சண்டை பட்ஜெட் பற்றியது அல்ல. இனி அடிப்படைச் சம்பளம் ஒன்றைப் பற்றித்தான் பேரம் பேசலாம், அதுவும் விலைவாசி உயர்வு அளவுக்குத்தான். அதற்கு மேல் வேண்டுமென்றால் பொதுமக்கள் ஓட்டெடுப்பு. சம்பளத்திலிருந்து சந்தா பிடிக்கக் கூடாது. இதிலெல்லாம் போலீஸ், தீயணைப்புக்காரர்களுக்கு மட்டும் விலக்கு. வயேஹோவை நினைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். பட்ஜெட்தான் கவலை என்றால், விலக்கு தர வேண்டிய கடைசி ஆட்கள் அவர்கள்தானே? ஒஹையோவில் அதே ஆண்டு ஆளுநர் ஜான் கேசிக், போலீஸ், தீயணைப்புக்காரர்கள் உட்பட எல்லோரையும் சேர்த்தே சட்டம் போட்டார். நவம்பரில் மக்கள் ஓட்டெடுப்பில் அதைத் தூக்கிக் கடாசிவிட்டார்கள். எதிர்த்தவர்கள் சுமார் 61 சதவீதம். கேசிக்கிடம் நேர்மை இருந்தது, வாக்கரிடம் கணக்கு இருந்தது. வாக்கர் 2012-ல், அவரைப் பதவிக்காலம் முடியும் முன்பே நீக்குவதற்காக நடந்த திரும்ப அழைக்கும் தேர்தலிலும் ஜெயித்தார். உங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் இந்த விலக்கைப் பற்றி மட்டும் கேட்டுப் பாருங்கள். அவர் என்ன சொல்கிறார் என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசை.

அந்தச் சட்டத்தால் நல்லதே நடக்கவில்லை என்று உங்கள் மனைவி சொன்னால் அதையும் அப்படியே ஏற்க மாட்டேன். சீனியாரிட்டி அட்டவணையை விட்டுவிட்டு, நன்றாகக் கற்பிக்கும் ஆசிரியருக்குக் கூடுதல் சம்பளம் தரும் சுதந்திரம் பள்ளி மாவட்டங்களுக்குக் கிடைத்தது. சில மாவட்டங்கள் அதைப் பயன்படுத்தி நல்ல ஆசிரியர்களை இழுத்துக்கொண்டன. இழந்த மாவட்டங்களின் கதை வேறு.

சந்தா விஷயம். 2018-ல் ஜேனஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபின் நாடு முழுக்கவே எந்த அரசு ஊழியரையும் சங்கத்துக்குப் பணம் கட்டச் சொல்ல முடியாது. ஆகவே அது முழுக்க உங்கள் மனைவியின் விருப்பம். அடிப்படைச் சம்பளத்தில் விலைவாசி அளவு உயர்வுக்காக மட்டும் என்றால் கட்டுவது வீண் என்றுதான் சொல்வேன். ஒழுங்கு நடவடிக்கை வந்தால் துணைக்கு வர ஆள் வேண்டும், பள்ளி வாரியக் கூட்டத்தில் பேச ஒரு குரல் வேண்டும் என்றால் கட்டலாம். 2024 டிசம்பரில் டேன் கவுண்டி நீதிபதி ஒருவர், போலீஸ், தீயணைப்புக்காரர்களுக்கு விலக்கு தந்து ஊழியர்களுக்குள் பாகுபாடு காட்டுவது செல்லாது என்று வாக்கர் சட்டத்தின் பெரும்பகுதியை ரத்து செய்தார், அது மேல்முறையீட்டுக்குப் போனது. வழக்கைக் கவனித்துக்கொண்டிருங்கள். அப்புறம் ஒன்று. வாக்கர் சட்டப்படி சங்கம் வருடா வருடம் ஓட்டெடுப்பில் ஜெயித்துத் தன் அங்கீகாரத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு வேண்டியது பதிவான ஓட்டில் பெரும்பான்மை இல்லை, மொத்த ஊழியர்களில் 51 சதவீதம். ஓட்டுப் போடாமல் இருப்பவர் சங்கம் வேண்டாம் என்று சொன்னவராகவே கணக்கில் சேர்கிறார். சந்தா கட்டுகிறாரோ இல்லையோ, அந்த ஓட்டெடுப்புத் தேதியை மட்டும் உங்கள் மனைவி குறித்துவைத்துக்கொள்ளட்டும்.