ஆர்டர் இல்லாத நாட்களில் என்ன பேசுவது?

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் சிறிய பனியன் கம்பெனி நடத்துகிறேன். ஏற்றுமதியாளர் ஒருவருக்கு ஜாப் ஒர்க். ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் எல்லாம் சேர்த்து நாற்பது தையல் மிஷின். செக்கிங், அயர்ன், பேக்கிங் வரை எழுபது பேர். பாதிப்பேர் ஒடிசா, பீகார் பையன்கள். வருவதெல்லாம் அமெரிக்க ஆர்டர்தான். 2025 ஆகஸ்ட் 27 முதல் அங்கே நம் சரக்குக்கு 50 சதவீத வரி என்றானதும் பையர் (சரக்கு வாங்கும் அமெரிக்க கம்பெனிக்காரர்) இரண்டு ஸ்டைலை நிறுத்திவிட்டார், மூன்றாவதுக்கு விலையைக் குறைக்கச் சொல்கிறார். ஒன்றரை ஷிப்ட் ஓடிய லைன் இப்போது ஒரு ஷிப்டுக்கே தடுமாறுகிறது.

ஆட்களின் முகம் மாறிவிட்டது. நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடுகிறது. நல்ல பேட்லாக் டெய்லர்கள் இரண்டு பேர் போய்விட்டார்கள். கோவையிலிருந்து ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளரைக் கூட்டிவந்து ஊக்கம் கொடுக்கலாம் என்கிறார் என் மைத்துனர். “நாமெல்லாம் ஒரே குடும்பம்” என்று நானே ஒருநாள் பேசலாமா என்றும் நினைக்கிறேன். தீபாவளி போனஸ் வேறு நெருங்குகிறது. இந்த மாதிரி நேரத்தில் முதலாளி எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

செ., திருப்பூர்

அன்புள்ள செ.,

பேச்சாளர் வேண்டாம். பீஸ் கெடுகிறது, வேலை சுணங்குகிறது என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. பேச்சு நின்றுவிட்டது என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் காரணம் தெரிய நீங்கள் தூரமாகப் போக வேண்டியதில்லை, சனிக்கிழமை சம்பளக் கவரை எடுத்துப் பாருங்கள்.

வாரம் ஆறு நாள், நாளுக்கு ஒன்றரை ஷிப்ட் என்றால் ஒன்பது ஷிப்ட். அது ஒரு ஷிப்டாகக் குறைந்தால் ஆறு. வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அடுத்து நீங்கள் நாலு நாள் வேலை என்று சொன்னால் நாலு ஷிப்ட், அதாவது பாதிக்கும் கீழே. உங்கள் மனதில் “ஒருத்தரையும் நான் நிறுத்தவில்லை” என்ற நிம்மதி இருக்கும். ஆனால் லைன் வீட்டு வாடகை, ஊருக்கு அனுப்பும் பணம், குழுக் கடன் தவணை எல்லாம் ஒன்பது ஷிப்டை நம்பி ஏற்பட்டவை. திருப்பூரில் யாரும் ஒரு ஷிப்ட் சம்பளத்தை வைத்துக் குடும்பக் கணக்குப் போடுவதில்லை.

நிலைமை மோசம் என்பதும் அவர்களுக்குத் தெரியும், பல நேரம் உங்களுக்கு முன்பே. கட்டிங் டேபிளில் எத்தனை லேயர் விரிக்கிறார்கள், அட்டைப்பெட்டி வந்து இறங்கி எத்தனை நாளாயிற்று என்பதைப் பார்த்துக் டெய்லருக்கு உதவியாக நிற்கும் கைமடிப் பெண்கூடச் சொல்லிவிடுவார். அவர்களுக்குத் தெரியாதது ஒன்றுதான்: கையிலிருக்கும் ஆர்டர் எத்தனை வாரத்துக்கு வரும்? அது உங்கள் மெயிலில் மட்டும் இருக்கிறது. நீங்கள் சொல்லாத இடத்தில் டீக்கடை சொல்லும். “கம்பெனியை மூடப்போகிறார்கள்” என்றுதான் டீக்கடை எப்போதும் சொல்லும். அதைக் கேட்டு முதலில் கிளம்புவது நல்ல டெய்லர்கள், ஏனென்றால் அவர்களுக்குத்தான் காதர்பேட்டை உள்நாட்டு வியாபாரத்தில் உடனே வேலை கிடைக்கும்.

உங்கள் தொழிலிலேயே நடந்த ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மால்டன் மில்ஸ் என்ற துணி ஆலை. குளிருக்கு அணியும் ஃப்ளீஸ் துணி தயாரித்தவர்கள். 1995 டிசம்பர் 11 இரவு ஆலையில் பெரிய தீ. முதலாளி ஆரன் ஃபியூர்ஸ்டீனுக்கு அன்று எழுபதாவது பிறந்தநாள். ஏறத்தாழ 3,000 தொழிலாளர்கள். இன்சூரன்ஸ் பணத்தை வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடுவார் என்று பலர் நினைத்தார்கள். சில நாளில் எல்லோரையும் ஒரு பள்ளி விளையாட்டரங்கில் கூட்டி, ஆலையைத் திரும்பக் கட்டப்போவதாகவும் அடுத்த முப்பது நாளைக்கு முழுச் சம்பளம் உண்டு என்றும் சொன்னார். அது முடிந்ததும் இன்னொரு மாதம் என்றார், பிறகும் நீட்டினார்.

இந்தக் கதையை மேடைகளில் சொல்கிறவர்கள் அதன் பின்பாதியைச் சொல்வதில்லை. 2001 நவம்பரில் அந்த ஆலை திவால் மனுப் போட்டது, பிறகு அவர் கையைவிட்டே போனது. “இரக்கம் பார்த்தான், அழிந்தான்” என்று இதைப் படிக்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. ஆலையை மறுபடி கட்ட ஆன செலவும், இன்சூரன்ஸ் பணம் போதாமல் ஏறிய கடனும், மலிவான போட்டித் துணியும் சேர்ந்துதான் அவரைச் சாய்த்தன. நான் அவரிடம் கவனிப்பது முப்பது நாள் என்ற அளவை. “உங்களைக் கைவிடமாட்டேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தால், கேட்டவர்களுக்கு அதை வைத்து ஒன்றும் திட்டமிட முடியாது. முப்பது நாள் என்றால் வாடகைக்காரரிடம் போய்ப் பேசலாம்.

ஆகவே உங்களால் எத்தனை வாரம் சொல்ல முடியுமோ அத்தனை வாரத்தைச் சொல்லுங்கள். இரண்டு வாரம் என்றால் இரண்டு வாரம். சனிக்கிழமை சம்பளம் கொடுத்த பிறகு பத்து நிமிடம் போதும். கையில் இவ்வளவு பீஸ் இருக்கிறது, இந்தத் தேதி வரை வாரம் ஐந்து ஷிப்ட் உறுதி, அதற்குமேல் அடுத்த சனிக்கிழமை சொல்கிறேன். அதையே இந்தியிலும் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள். ஆனால் ஆள் கூட்டிவரும் கான்ட்ராக்டர் வழியாக வேண்டாம், அவர் தன் வசதிக்கு மாற்றிச் சொல்லிவிடுவார்.

“டிசம்பருக்குள் சரியாகிவிடும்” என்று மட்டும் சொல்லாதீர்கள். 2011-இல் உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடியபோது வெளியூருக்குத் துணியை அனுப்பிச் சாயம் போட்டுச் சமாளித்தார்கள். 2022-இல் நூல் விலை ஏறியபோது இரண்டு நாள் கதவடைத்துப் போராடவாவது முடிந்தது. இந்த முறை முடிவு வாஷிங்டனில். 2025 ஆகஸ்டில் வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் 20 சதவீதம், நமக்கு 50 என்றானது; அந்த வித்தியாசத்தை வைத்துக்கொண்டு உங்கள் பையரை நீங்கள் பேசி மாற்ற முடியாது. 2025-இல் மத்திய அரசு பஞ்சு இறக்குமதி வரியை டிசம்பர் 31 வரை நீக்கியது, பிரிட்டனோடு ஜூலையில் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. நல்ல செய்திகள்தான். அவை உங்கள் கட்டிங் டேபிளுக்கு ஆர்டராக வந்து சேரும்போது சொல்லிக்கொள்ளலாம்.

“ஒரே குடும்பம்” பேச்சையும் விட்டுவிடுங்கள். சொந்தக்காரர், ஊர்க்காரர், கூட உட்கார்ந்து தைத்தவர் என்ற உறவெல்லாம் இருந்த ஊரில்தான் 1984-இல் பஞ்சப்படி (விலைவாசிக்கு ஏற்ற படி) கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. உங்கள் ஊரில் எத்தனையோ முதலாளிகள் மிஷினில் உட்கார்ந்து தைத்து மேலே வந்தவர்கள். ஒரு பீஸுக்கு என்ன நிற்கும் என்று உங்கள் டெய்லருக்கு நன்றாகவே தெரியும். அவரிடம் கணக்குப் பேசலாம், பாசம் பேசினால் சிரிப்பார்.

போனஸ் விஷயத்தில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். சட்டப்படி சம்பளத்தில் குறைந்தபட்சம் 8.33 சதவீதம். நஷ்டம் வந்தாலும் அது உண்டு. அது நீங்கள் தரும் பரிசு அல்ல, அதைக் கொடுத்துவிட்டு நன்றி எதிர்பார்க்காதீர்கள். போன வருடம் அதற்குமேல் கொடுத்திருந்து இந்த வருடம் முடியாதென்றால் இந்த வாரமே சொல்லுங்கள். துணிக்கடையில் அட்வான்ஸ் கொடுத்த பிறகு சொன்னால் அந்தக் கோபம் அடுத்த தீபாவளி வரை இருக்கும்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன். எழுபது பேரில் எத்தனை பேருக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. இருக்கிறது? எத்தனை பேரின் பெயர் மஸ்டரிலாவது (வருகைப் பதிவேடு) இருக்கிறது? வருமானம் விழுந்த மாதத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் இ.எஸ்.ஐ. அட்டை செய்வதை எந்தப் பேச்சாளரும் செய்ய முடியாது. ஆட்குறைப்பு வரை போக நேர்ந்தால் நோட்டீஸ், வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் பதினைந்து நாள் சம்பளம், கடைசியில் சேர்ந்தவர் முதலில் என்றெல்லாம் சட்டம் சொல்கிறது. பெயரே பதிவில் இல்லாதவர் அதைக் கேட்கவும் முடியாது. முதலாளியின் நடத்தை என்று நீங்கள் கேட்டதில் பெரிய பங்கு இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதை நெருக்கடி வந்த பிறகு ஆரம்பிப்பது கஷ்டம், ஆனாலும் ஆரம்பிக்கலாம்.

ஷிப்டைக் குறைப்பதென்றால் எல்லோருக்கும் சேர்த்துக் குறையுங்கள். சூப்பர்வைசருக்கு முழுச் சம்பளம், டெய்லருக்குப் பாதி என்றால் லைன் அதை மறக்காது. நீங்கள் வீட்டுக்கு எடுத்துப்போகும் தொகையும் குறைந்திருக்கிறது என்பது தெரியட்டும், அறிவிக்கத் தேவையில்லை. இந்த ஊரில் அது தானாகவே தெரிந்துவிடும்.

போய்விட்ட இரண்டு டெய்லர்களுக்கும் பாக்கி இருந்தால் உடனே கொடுத்துவிடுங்கள். இழுத்தடித்தால் மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வடக்கத்திப் பையன்கள் தீபாவளி, சத் பூஜை என்று எப்படியும் ஊருக்குக் கிளம்புவார்கள். கணக்கை முழுதாக முடித்து அனுப்புங்கள். “வாங்க, பார்த்துக்கலாம்” என்று பொதுவாகச் சொல்லாமல், நவம்பர் இரண்டாம் வாரம் போன் செய்கிறேன் என்று சொல்லுங்கள். ஆர்டர் வராவிட்டாலும் அந்த போனைச் செய்துவிடுங்கள், இப்போது வரவேண்டாம் என்று சொல்வதற்காகவாவது. இரண்டு நாள் ரயிலில் வந்து வாசலில் நிற்பது அவர்கள் காசு.