கேள்வி-பதில்: கழன்று வராத கியர்பாக்ஸ், பில் இல்லாத கிளட்ச் பிளேட்

பதினைந்து வருட வேன். கிளட்ச் மாற்ற ஒர்க்‌ஷாப்பில் கேட்ட கூலி கட்டுப்படியாகவில்லை. நானும் தம்பியும் வீட்டிலேயே இறங்கிவிட்டோம். போல்ட் எல்லாம் கழற்றியாயிற்று. கியர்பாக்ஸ் கீழ்ப்பக்கம் இரண்டு நூல் விலகியிருக்கிறது, மேலே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பெரிய கடப்பாரை ஒன்று வாங்கிவிடலாமா? – தங்கச்சிமடம் வாசகர்

வாங்காதீர்கள். கீழே விலகி மேலே விலகவில்லை என்றால் இரண்டில் ஒன்று. மேலே ஒரு போல்ட் மிச்சம் இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாது, கையை விட்டுத் தடவித்தான் பார்க்க வேண்டும். ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பிடிக்கும் போல்ட்டும் பல வண்டிகளில் கியர்பாக்ஸையும் சேர்த்தே பிடித்திருக்கும். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு அதையும் பாருங்கள். போல்ட் ஏதும் இல்லையென்றால், தாங்கியிருந்த குறுக்குச் சட்டத்தை எடுத்ததும் இன்ஜின் பின்பக்கம் சாய்ந்திருக்கும். சாய்ந்த நிலையில் எவ்வளவு இழுத்தாலும், இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பொருத்தி வைக்கும் டவல் பின் இறுகத்தான் செய்யும். இன்ஜினுக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கியால் மெல்லத் தூக்குங்கள். இடைவெளி சுற்றிலும் ஒரே அளவுக்கு வந்த பிறகுதான் இழுக்க வேண்டும்.

அப்புறம் நம் கடற்காற்று. அந்தப் பின் இரும்பு, கியர்பாக்ஸ் கூடு அலுமினியம். உப்பு ஈரத்தில் இவை இரண்டும் ஒட்டியிருந்தால் அலுமினியம் அரித்து, வெள்ளைப் பொடியாகப் பூத்துப் பின்னைக் கவ்விக்கொள்ளும். இரண்டு பின்னுக்கும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் மரக்கட்டையை வைத்து இடதும் வலதுமாக மாற்றி மாற்றித் தட்டுங்கள். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் முகத்துக்குள் ஸ்குரூடிரைவரை நுழைத்து நெம்பினால் அலுமினியத்தில் பள்ளம் விழும், மறுபடி சரியாக உட்காராது. நகர ஆரம்பித்ததும் கியர்பாக்ஸின் பாரத்தை, கிளட்ச் பிளேட்டுக்குள் நுழைந்திருக்கும் ஷாஃப்ட்டில் தொங்கவிடாதீர்கள். திரும்ப ஏற்றும்போதும் இதே கவனம் வேண்டும். தொங்கவிட்டால் புது பிளேட்டின் நடுப்பகுதி வளைந்துவிடும். போல்ட்டை முறுக்கியே உள்ளே இழுக்கலாம் என்று நினைத்தால் கூட்டின் காது உடையும்.

உங்கள் காசு போக வேண்டியது, தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்டுக்கு. நான் ஒருமுறை மலிவாகக் கிடைத்ததே என்று ஒரு ஹைட்ராலிக் ஜாக்கி வாங்கினேன். வண்டியைத் தூக்கி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் வண்டி நாலு விரல் இறங்கியிருந்தது, சீல் வழியாகக் கசிந்த எண்ணெய் தரையில் ஓடியிருந்தது. அடியில் ஆள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். டன் அளவு குறித்த ஸ்டாண்ட் ஒரு ஜோடி வாங்குங்கள். ஹாலோபிளாக் கல்லை முட்டுக் கொடுக்கவே கூடாது, அது சொல்லாமல் பிளக்கும்.

மீன் ஏற்றும் என் வண்டிக்கு, மாடலைச் சொல்லிக் கிளட்ச் பிளேட் வாங்கினேன். கியர்பாக்ஸை இறக்கிய பிறகு பார்த்தால் ஷாஃப்ட்டில் ஏறவே இல்லை, பல் எண்ணிக்கை வேறு. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று கடைக்காரர் போர்டைக் காட்டுகிறார். தொழில் வண்டிக்கு நுகர்வோர் சட்டம் கிடையாது என்றும் சொல்கிறார். பில் இல்லை, துண்டுச் சீட்டுதான். – பாம்பன் வாசகர்

உங்கள் மேல் தப்பில்லை. வண்டி மாடலைச் சொல்லித்தான் கேட்டிருக்கிறீர்கள், வேறு சாமானைக் கொடுத்தது கடை. சொந்தப் பிழைப்புக்காக நீங்களே ஓட்டும் வண்டி என்றால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்களும் நுகர்வோர்தான்.

ஆனால் இந்தத் துண்டுச் சீட்டுதான் என் வயிற்றெரிச்சல். ஆயிரக்கணக்கில் காசை எண்ணிக் கொடுக்கிறோம். பேர் இல்லை, தேதி இல்லை, பார்ட் நம்பர் இல்லை, "பிளேட் 1" என்று கிறுக்கிய தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வருகிறோம். பில் கேட்டால் வரி கூடும் என்று மிரட்டுகிறார்கள். அட்டைப்பெட்டியில் அச்சிட்ட அதிகபட்ச விலையிலேயே எல்லா வரியும் அடக்கம், அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்க முடியாது. வாகன உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டியும் 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம்தான். பில் தராமல் இருப்பதையே முறையற்ற வணிகம் என்கிறது சட்டம். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு ஏதும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான். சுவரில் மாட்டிய போர்டு சட்டத்துக்கு மேல் இல்லை.

சீட்டைப் பத்திரமாக வையுங்கள், பணம் அனுப்பிய குறுஞ்செய்தி இருந்தால் அதையும். பழைய பிளேட்டையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பல் தெரியும்படி படம் எடுங்கள். கடைக்கு ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு கடிதம், அப்படியும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கடை மதுரையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம்.

இனி வாங்கும் பிளேட்டை ஃப்ளைவீலில் (இன்ஜின் பின்னால் சுழலும் கனத்த சக்கரம்) மாட்டும் முன் ஷாஃப்ட்டில் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். கை விட்டுத் தள்ளினாலே வழுக்கிப் போக வேண்டும்.

பழைய கியர்பாக்ஸ் ஒன்றைச் செல்போனில் படம் பார்த்துப் பிடித்துப்போய் முழுப் பணமும் அனுப்பினேன். இப்போது போனை எடுக்கவில்லை. – கீழக்கரை வாசகர்

உடனே இணைய மோசடிப் புகார் எண் 1930க்கு அடியுங்கள், ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். பழைய கியர்பாக்ஸ் என்றால் நேரில் போய் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றி, ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்க்க வேண்டும். படத்தைப் பார்த்து முழுப் பணம் அனுப்பாதீர்கள் என்று எத்தனை தடவை எழுதுவது?

ராமேஸ்வரம் போன அம்மா சேமிப்பையெல்லாம் கொடுத்து வலம்புரிச் சங்கு வாங்கி வந்தார். போலி என்கிறார்கள். எப்படித் தெரிந்துகொள்வது? – பரமக்குடி வாசகர்

அம்மாவைத் திட்டாதீர்கள். சங்கின் வாய்க்குள் டார்ச் அடித்து நடுத்தண்டைப் பாருங்கள். நம் கடல் சங்கு என்றால் அதில் மூன்று நான்கு வரிமேடுகள் இருக்கும். அமெரிக்கக் கடலில் இயல்பாகவே வலம்புரி போலச் சுற்றி வளரும் வேறு நத்தை ஒன்று உண்டு. அதற்கு இந்த மேடுகள் இருக்காது. அதைத்தான் வலம்புரி என்று தள்ளிவிடுகிறார்கள். மேடு இல்லையென்றால் மேலே பாம்பன்காரருக்குச் சொன்ன வழிதான் உங்களுக்கும். அம்மா கடையை அடையாளம் காட்டுவார் என்றால் கூடவே போங்கள்.

வாங்கிய ஜாக்கியில் எத்தனை டன் என்று எழுதவே இல்லை. பயன்படுத்தலாமா? – தொண்டி வாசகர்

கூடாது.