மூன்று அடைப்பு, கூடவே சுகர்: ஸ்டென்டா, பைபாஸா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 58. காசிமேட்டில் மீன் வியாபாரம். 12 வருடமாகச் சுகர். மாடிப்படி ஏறினால் நெஞ்சை அழுத்துகிறது, உட்கார்ந்தால் விட்டுவிடுகிறது. ஆஞ்சியோவில் இதயத்தின் மூன்று ரத்தக் குழாயிலும் அடைப்பு. பைபாஸ் செய்யச் சொல்கிறார்கள். நெஞ்சைத் திறக்கவே வேண்டாம், ஸ்டென்ட் வைத்துவிடலாம் என்று அம்மா அழுகிறார். எது சரி?
- வாசகர், ராயபுரம்

பதில்: அம்மாவின் பயம் நியாயமானது. ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் நானும் பைபாஸ்தான் சொல்வேன். காரணம், சுகர்.

பல வருடம் சுகர் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் குழாய் நெடுகவே கொழுப்பு படிந்திருக்கும். ஸ்டென்ட் என்பது குழாயை உள்ளிருந்து விரித்துப் பிடிக்கும் சின்ன வலைக்குழல்; அது வைத்த இடம் மட்டும் விரியும். அதற்குப் பக்கத்திலேயே நாளைக்கு இன்னொரு அடைப்பு வரலாம். பைபாஸில், மார்புச் சுவரின் உள்பக்கம் ஓடும் குழாயையும் காலிலிருந்து எடுத்த குழாயையும் அடைப்பைத் தாண்டிக் கீழே இணைக்கிறார்கள். மேலே புதிதாக அடைத்தாலும் ரத்தம் போய்ச் சேரும். 2012இல் வெளிவந்த ஃப்ரீடம் ஆய்வில், சுகரோடு பல குழாய்களில் அடைப்பும் இருந்த 1,900 பேரை ஒப்பிட்டார்கள். ஐந்து வருடக் கணக்கில், பைபாஸ் செய்துகொண்டவர்களிடம் மரணமும் மாரடைப்பும் குறைவு. பக்கவாதம் மட்டும் சற்று அதிகம். அதையும் அம்மாவிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

ஸ்டென்ட் மோசமில்லை. மாரடைப்பு வந்த நேரத்தில் அதுதான் உயிரைக் காப்பாற்றுகிறது. எது செய்தாலும் ஆஸ்பிரின், கொழுப்புக்கான மாத்திரை இரண்டும் ஆயுசுக்கும் உண்டு.

இன்னொரு டாக்டரைப் பார்ப்பதென்றால் ரிப்போர்ட்டோடு ஆஞ்சியோ சிடியையும் கொண்டுபோங்கள். இடது பக்க முதன்மைக் குழாயில் அடைப்பு உண்டா, எக்கோ ஸ்கேனில் இதயத்தின் பம்பிங் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி மருத்துவமனை இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் பைபாஸ் உண்டு, அட்டையைத் தேடி எடுத்து வையுங்கள்.

நெஞ்செலும்பு கூடுவதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை ஐஸ் போட்ட மீன் பெட்டியை அப்பா தூக்கவே கூடாது. விடியற்காலை ஏலத்துக்கு யார் போவது என்று இப்போதே பேசி முடிவு செய்யுங்கள்.

ஆபரேஷன் நடப்பதற்குள் சும்மா இருக்கும்போதே நெஞ்சு அழுத்தினாலோ, வேர்த்துக் கொட்டி மூச்சு வாங்கினாலோ, கேஸ் என்று சோடா வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். சுகர் இருப்பவர்களுக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரும். உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.